வைரம் மிஞ்சிய ஜன்னல்கள்

பெங்களூரில் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் வரும் எங்கள் வீட்டைத் தாத்தா 1934இல் கட்டினார். வட ஆர்க்காட்டிலிருந்து கண்டோன்மென்ட்டுக்கு வந்து, ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிச் சேர்த்த பணத்தில் எழுப்பிய வீடு அது. ஒன்பது ஜன்னல்கள், ஐந்து கதவுகள், முன் வராந்தாவுக்கு மங்களூர் ஓடு, உள்ளே இரண்டு அறைகளுக்கு மெட்ராஸ் டெரஸ் என்னும் செங்கல் கூரை. தெருவைப் பார்த்த இரண்டு ஜன்னல்களுக்கு மேலே, இந்த ஊரில் 'மங்கி டாப்' என்று சொல்லும் கூம்பு வடிவ மரக் கூடு உண்டு. பெரிய பங்களாக்களில் இருக்கும் அந்தக் கூடு தன்னுடைய சின்ன வீட்டிலும் இருக்க வேண்டும் என்று தாத்தா ஆசைப்பட்டுச் செய்யச் சொன்னாராம்.

அம்மா போன பிறகு அப்பாவைத் தனியாக விட மனமில்லாமல், இரண்டு வருடங்களுக்கு முன் நானும் என் கணவரும் இங்கே குடிவந்தோம். மழை பெய்தால் மூன்று ஜன்னல்கள் மூடவில்லை. கோடையில் இரண்டு கதவுகள் காற்றுக்கு ஆடின. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் அடுக்களை ஜன்னலின் கீழ்ச்சட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். விரல் உள்ளே போயிற்று. "எல்லாமே உளுத்துப் போச்சும்மா. மொத்தத்தையும் பேர்த்துட்டு யுபிவிசி பிளாஸ்டிக்கே வெச்சிடலாம், பத்து நாள்ல முடிச்சிடறேன்" என்றார். அந்தக் கீழ்ச்சட்டத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. மற்ற மரங்களை அவர் தொட்டே பார்க்கவில்லை.

அப்பாவுக்கு நெடுநாள் பழக்கமான ஆசாரி ஒருவர் மர்பி டவுனில் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டிவிட்டதால் இப்போது வேலை எடுப்பதில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கால் அங்குல உளி ஒன்றை மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு நிலையையும் அடியிலிருந்து மேல் நோக்கிக் குத்திப் பார்த்துக்கொண்டே போனார். இற்ற இடத்தில் உளி சத்தமில்லாமல் இறங்கியது. அதற்கு நாலு விரற்கடை மேலே அதே உளி 'டக்' என்று நின்றது. "வெள்ளை போனா போவட்டும் பாப்பா, வைரம் இருக்கான்னு மட்டும் பாரு" என்று சொல்லி, சாக்பீஸால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். மதியத்துக்குள் வீடு முழுக்கக் கோடுகள் விழுந்திருந்தன. எல்லாவற்றையும் நாடாவால் அளந்து கூட்டிப் பார்த்தேன். பேர்த்து எறியச் சொன்ன மரத்தில் கால் பங்குகூடக் கெட்டுப்போயிருக்கவில்லை.

வெள்ளை, வைரம் என்று ஆசாரிமார் சொல்வது மரத்தின் இரண்டு பகுதிகளை. பட்டைக்கு உட்புறமாக நீரை மேலே கொண்டுசெல்லும் வெளிர்நிறப் பகுதி வெள்ளை. அதில் மாவுச்சத்து இருப்பதால் உளுப் பூச்சி அதைத்தான் தேடி வரும். மரம் முதிர முதிர நடுப்பகுதி நீரோட்டத்தை நிறுத்தி, எண்ணெயும் பிசினும் துவர்ப்பும் ஏறி இறுகிக் கறுக்கும். அதுவே வைரம். தேக்கைக் கறையான் தொடாது என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் அது தேக்கின் வைரத்துக்கு மட்டுமே பொருந்தும்; தேக்கின் வெள்ளை மற்ற மரங்களின் வெள்ளையைப் போலவே அரித்துப் போகும். தாத்தா காலத்தில் காட்டில் ஆற அமர வளர்ந்த பெருமரங்களை அறுத்தார்கள். இப்போது இறக்குமதியாகி வரும் தோட்டத் தேக்கில் பெரும்பகுதி இளமரம். ஒரு பலகையில் பாதி வெள்ளையாக இருப்பதைக் கடையிலேயே பார்க்கலாம். ஆகவே இந்த வீட்டில் மிஞ்சியிருந்த வைரத்துக்கு ஈடான மரத்தைப் புதிதாக வாங்கி வைப்பது எங்கள் கைக்கு எட்டாத காரியம் என்பது அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. வேலையை நாங்களே செய்வது என்று முடிவெடுத்தோம். சனி, ஞாயிறுகளில் நாங்கள் இருவரும் செய்வோம், ஆசாரி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துச் சொல்வார் என்பது ஏற்பாடு.

முதல் வேலை பெயின்ட். நான்கு அடுக்கு இருந்தது: மேலே காப்பிக்கொட்டை நிறம், அதன் கீழே இளம்பச்சை, பிறகு நீலம், அடியில் வார்னிஷ். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்பதை இந்த வேலையில் இறங்கும் எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எதையும் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. தூளாகப் பறந்து மூச்சில் போகும், தரையில் தங்கிக் குழந்தைகளின் கையில் ஒட்டும். நாங்கள் தண்ணீர் தெளித்து நனைத்து, சுரண்டியால் ஈரமாகவே வழித்து எடுத்தோம். கீழே தார்ப்பாய் விரித்து, முகமூடி அணிந்து, வழித்ததை அன்றன்றே பையில் கட்டி வைத்தோம். அந்த மூன்று மாதமும் என் தங்கை தன் குழந்தையை இந்த வீட்டுக்கு அழைத்து வரவில்லை. வேலை மெதுவாகத்தான் நடக்கும், ஆனாலும் இந்த ஒன்றில் அவசரப்பட்டவர்களை நான் மன்னிக்க மாட்டேன்.

பெயின்ட் போனதும் எந்தச் சட்டம் எந்த மரம் என்பது தெரிய ஆரம்பித்தது. வாசக்கால் தேக்கு. அறைகளின் கதவுகளும் தேக்கு. பின்கட்டு ஜன்னல்களில் இரண்டு பலா: வெளியே பழுப்பேறிக் கிடந்தாலும் இழைப்புளி ஒரு முறை ஓடியவுடன் உள்ளே மஞ்சள் பளிச்சென்று எழுந்தது, சில வாரங்களில் மறுபடி தேன் நிறத்துக்குத் திரும்பிவிட்டது. கன்னடத்தில் பலாவுக்கு ஹலசு என்று பெயர். ஏரியை ஒட்டிய பலாத்தோப்பால்தான் இந்த அல்சூருக்கு ஹலசூரு என்ற பெயர் வந்தது என்று இங்கே சொல்வார்கள். அதனால் அந்த இரண்டு ஜன்னல்கள் மேல் அப்பாவுக்குத் தனிப் பிரியம். சமையலறை நிலை என்ன மரம் என்பதில் மட்டும் எனக்குக் குழப்பம் இருந்தது. ஆசாரி அதில் கொஞ்சம் மரத்தூளை இழைத்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஊறப் போடச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் இளந்தேநீர் நிறமானது. டம்ளரை வெயிலில் தூக்கிப் பிடித்தால் விளிம்பில் நீல ஒளி படர்ந்தது, மயில் கழுத்தில் தெரிவது மாதிரி. "வேங்கை" என்றார். சர்க்கரை நோய்க்காரர்கள் இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிக்கும் மரக் குவளை இந்த மரத்தில் கடைந்ததுதான். இந்தப் பக்கத்தில் ஹொன்னே என்பார்கள்.

அதே நாளில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஜன்னல் சட்டங்களின் மூலைகளில், பெயின்ட்டுக்கு அடியில், உளியால் இட்ட சின்னச் சின்ன வெட்டுகள் இருந்தன. ஒரு மூலையில் ஒரு வெட்டு, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. நிற்கும் சட்டத்தில் எத்தனை வெட்டோ, அதில் நுழையும் குறுக்குச் சட்டத்திலும் அத்தனை வெட்டு. துளைக்குள் நுழையும் நுனியான கழுந்து ஒவ்வொன்றையும் அதற்குரிய துளைக்கென்றே தனித்தனியாக இழைத்துப் பொருத்தியவர், பிரித்துச் சேர்க்கும்போது மாறிப் போகாமல் இருக்க இட்ட அடையாளம் அது. தொண்ணூறு வருடங்களுக்குப் பிறகு அதைப் பிரித்த எனக்கு அது அப்படியே உதவியது. இணைப்புகளில் ஓர் இரும்பு ஆணிகூட இல்லை. எல்லாம் மூங்கில் முளை, அதாவது ஆணிக்குப் பதிலாக அடிக்கும் மூங்கில் குச்சி. பின்புறமிருந்து மெல்லிய கம்பியை வைத்துத் தட்டினால் முளை முழுசாக வெளியே வந்துவிடும், சட்டம் கையோடு கழன்றுவிடும். உள் அலமாரிக் கதவுகளில் மட்டும், விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரப் பசை போட்டிருந்தார்கள். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் அதுவும் இளகிக்கொடுத்தது. இன்றைய பசைகளால் ஒட்டிய கதவை உடைக்காமல் பிரிப்பது கடினம். பழைய வேலையில் பழுது பார்ப்பதற்கும் வழி விட்டு வைத்திருந்தார்கள் என்பதை என் கையால் பிரித்துப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

மரம் ஏன் அடியில் மட்டும் இற்றது என்பதையும் சொல்ல வேண்டும். சுவர் சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்பு ஈரத்தைக் குடித்து, வெயிலில் திருப்பி விட்டுவிடும். முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் யாரோ ஜன்னல்களின் அடியைச் சுற்றிச் சிமென்ட் பூசி, நிலையின் கால் பகுதியை அதற்குள் புதைத்துவிட்டார்கள். மரத்துக்கும் சிமென்ட்டுக்கும் இடையில் இறங்கிய மழைநீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கியது. நாங்கள் சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, மறுபடி சுண்ணாம்பே பூசினோம். அதைச் செய்யாமல் எந்த மரத்தை வைத்திருந்தாலும் பத்து வருடத்தில் இதே கதைதான்.

வெட்டி எடுக்க வேண்டிய பகுதிகளுக்கு மரம் தேடி சிவாஜிநகரை ஒட்டிய பேம்பூ பஜாருக்குப் போனோம். இடித்த வீடுகளின் கதவுகளும் நிலைகளும் உத்தரங்களும் கூரைக் கைமரங்களும் அங்கே சுவரோரம் சாத்திக் கிடக்கும். விலை கன அடிக் கணக்கு: 12 அடி நீளம், 4 அங்குல அகலம், 3 அங்குலக் கனம் கொண்ட ஒரு சட்டம் சரியாக ஒரு கன அடி. முழு நீளத்தை வைத்துப் போட்ட கணக்கில் இற்ற நுனியும் பழைய துளைகளும் சேர்ந்துவிடும் என்பதால், பயன்படும் நீளத்தை மட்டும் அளக்கச் சொல்லி முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். கடைக்காரர் உருதும் தமிழும் கலந்து பேசுபவர், நியாயமானவர், மறுக்கவில்லை. 2014 ஏப்ரலில் மியன்மார் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு பழைய பர்மா தேக்கைத் தேடி வருபவர்கள் கூடிவிட்டார்கள் என்றார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் செதுக்கு நிலைகளும் விற்கிறார்கள், ஒன்று வாங்கி வரவேற்பறையில் நிறுத்தலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தூண் என்றால் எதையாவது தாங்க வேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டவை ஜன்னல் சட்டங்கள். ஆகவே பழைய ஜன்னல்களிலிருந்தும் கைமரங்களிலிருந்தும் வந்த, அலங்காரம் ஏதும் இல்லாத தேக்குத் துண்டுகளையே பார்த்துப் பார்த்து எடுத்தோம். பலாவுக்குப் பலாவும் வேங்கைக்கு வேங்கையும் கிடைக்க மூன்று ஞாயிறுகள் ஆயின.

கொண்டுவந்த மரத்தில் ஆணி பார்ப்பதில்தான் எனக்கு முதல் அடி விழுந்தது. கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் குறடால் பிடுங்கிவிட்டு மெஷின் இழைப்புளியை ஓட்டினேன். தலை ஒடிந்து உள்ளே புதைந்திருந்த ஓர் ஆணி அதன் இரண்டு அலகுகளையும் பற்கள் போலப் பெயர்த்துவிட்டது. அதன் பிறகு ஒரு காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு பலகைக்கும் மேலே மெதுவாக நகர்த்திப் பார்க்கும் பழக்கம் வந்தது. நூல் சாய்ந்த இடத்தில் இரும்பு இருக்கிறது. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து ஆணியைச் சுற்றி ஏற்படுத்தும் கருங்கறையும் நல்ல வழிகாட்டி. அந்தக் கறை ஆக்ஸாலிக் அமிலக் கரைசலில் வெளுக்கும்; கையுறை கட்டாயம். சில இடங்களில் அதை வெளுக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.

வாங்கிய மரத்தை உடனே வெட்டவும் கூடாது. அக்டோபர் மழையில் வெளியே கிடந்த துண்டுகளில் ஈரப்பத மானி 19 சதவீதம் காட்டியது. வராந்தாவில், துண்டுக்குத் துண்டு நடுவே ரீப்பர் குச்சி வைத்து, காற்றோட்டமாக அடுக்கி, மார்ச் வரை விட்டோம். 11க்கு இறங்கிய பிறகே ரம்பத்தை எடுத்தோம். பூச்சித் துளைகள் இருந்தவற்றுக்குப் போரிக் அமிலம் ஒரு பங்கு, போராக்ஸ் ஒன்றரைப் பங்கு என்று வெந்நீரில் கரைத்து இரண்டு முறை பூசினோம். துளையிலிருந்து முகப்பவுடர் மாதிரி மாவு புதிதாக உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அப்படி உதிர்ந்த ஒரு துண்டை வீட்டுக்குள்ளேயே எடுக்கவில்லை.

இனி ஒட்டுப் போடுவது. நிலையின் இற்ற காலை நேராக அறுத்துப் புதுத் துண்டை வைத்தால் அந்த இணைப்பு நிற்காது. சாக்பீஸ் கோட்டுக்கு இரண்டு அங்குலம் மேலேயிருந்து சரிவாக அறுக்க வேண்டும், சரிவின் நீளம் மரத்தின் கனத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும், சரிவு வெளிப்புறம் நோக்கி இறங்க வேண்டும். உள்நோக்கி இறங்கினால் மழைநீர் இணைப்புக்குள் நடந்து போகும். புதுத் துண்டின் வைரப் பக்கம் வெயிலையும் மழையையும் பார்க்க வேண்டும். ரேகை பழைய மரத்தின் ரேகையோடு ஒரே திசையில் ஓட வேண்டும். என் முதல் ஒட்டில் சரிவுகள் இரண்டுக்கும் நடுவே ஒரு தபால் அட்டை நுழைந்தது. ஆசாரி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் கையில் திருப்பிக் கொடுத்தார். நீல சாக்பீஸைப் பழைய முகத்தில் தடவி, புதுத் துண்டை வைத்து அழுத்தி, நீலம் ஒட்டிய மேட்டை மட்டும் உளியால் சீவுவது, மறுபடி தடவுவது என்று அன்று முழுவதும் செய்தேன். பதினோராவது முறை நீலம் முகம் முழுக்கப் பரவலாக ஒட்டியது. நீர் தாங்கும் மரப்பசை தடவி, இரண்டு மூங்கில் முளை அடித்து, ஒரு நாள் கிளாம்ப் போட்டு வைத்தோம். பழையதும் புதியதும் நிறத்தில் வேறுபட்டுத் தெரிகின்றன. சாயம் பூசி மறைக்க வேண்டாம் என்பது என் தீர்மானம். பழுது பார்த்த இடம் அடுத்துப் பழுது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

கதவுப் பலகைகளில் இன்னொரு பாடம் இருந்தது. பழைய கதவில் நடுப்பலகை சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடிக்குள் சும்மா நிற்கிறது; பசையும் இல்லை, ஆணியும் இல்லை. பெங்களூரின் மார்ச் மாத வறட்சியில் பலகை குறுகும், செப்டம்பர் மழையில் அகலும், அதற்கு ஓட இடம் வேண்டும். முன்பு பழுது பார்த்த ஒருவர் சமையலறைக் கதவின் பலகையைச் சட்டத்தோடு ஆணியடித்து இறுக்கியிருந்தார். பலகை நடுவில் பிளந்ததற்கு அதுதான் காரணம். நாங்கள் பிளவுக்குள் மெல்லிய தேக்குச் சிம்பு செருகி ஒட்டி, காடியில் இருபுறமும் இரண்டிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுச் சேர்த்தோம்.

பூச்சுக்கு வெளிச்சட்டங்களில் ஆளிவிதை எண்ணெய், உள்ளே அரக்குப் பாலிஷ், அலமாரிகளில் தேன்மெழுகு. சுவருக்குள் புதையும் நிலை முகங்களுக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் அடித்தோம். கறையான் அதை நெருங்காது, ஆனால் தோலில் பட்டால் கொப்புளம் எழும். ஆளிவிதை எண்ணெயில் ஓர் எச்சரிக்கை. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி ஒரு தகர டப்பாவில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து தொட்டபோது டப்பா கொதித்தது, மூடியைத் திறந்தால் புகை வாசம். காற்றோடு சேர்ந்து உலரும்போது அந்த எண்ணெய் சூடாகும்; சுருட்டிய துணியில் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். இப்போது துணிகளை வாளித் தண்ணீரில் போடுகிறோம், அல்லது கொடியில் விரித்துக் காயவிடுகிறோம்.

மெட்ராஸ் டெரஸ் உத்தரங்களை மட்டும் நாங்கள் தொடவில்லை. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பில் மூலைவாட்டில் அடுக்கிய கூரை அது. ஒரு கட்டையின் சுவர் நுனி இற்றிருந்தது. அதற்குக் கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, முட்டுக் கொடுத்து, அனுபவமுள்ளவர்களைக் கொண்டு மாற்றினோம். தலைக்கு மேலே இருப்பதில் பழகிப் பார்க்கக் கூடாது.

இதுவரை ஏழு ஜன்னல்களும் நான்கு கதவுகளும் முடிந்திருக்கின்றன. போன செப்டம்பரில் ஒரு வாரம் விடாமல் பெய்தபோது ஏழும் மூடின. அப்பா பலா ஜன்னலின் கொண்டியை மாட்டுவதும் எடுப்பதுமாக இரண்டு மூன்று முறை சோதித்துவிட்டு, "உங்க தாத்தா காலத்துல இப்படித்தான் சத்தம் வரும்" என்றார். மிச்சம் இருப்பவை தெருப்பக்கத்து இரண்டு ஜன்னல்களும் வாசற்கதவும். அந்த ஜன்னல்களின் மங்கி டாப் பட்டிகளில் பதினாறு போய்விட்டன. அவற்றுக்கான தேக்கு வராந்தாவில் குச்சி வைத்து அடுக்கிக் காய்கிறது. நேற்று மானி 14 காட்டியது.